அத்தை நடுவே ஓர் இடைவெளி

போன மாதம் வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனடியில் நம்மவர் கடையொன்றில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. அழைத்தவள் கிளேர். சிட்னி நகருக்குள் நான் முப்பது வருஷம் குப்பை கொட்டிய செய்தி நிறுவனத்தில் இப்போது அவள் பெரிய ஆசிரியர். நான் ஓய்வு பெறுகிற காலத்தில் பயிற்சிக்கு வந்தவள். சுகம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள். எந்தச் சொல்லை எப்படி எழுத வேண்டும் என்று சட்டம் போடுகிற ஒரு கைநூல் எங்கள் அலுவலகத்தில் உண்டு. அதைப் புதுக் கணினிக்குள் ஏற்றுகிறார்களாம். பழைய வரிகளில் புரியாதவற்றை அழித்துக்கொண்டு வருகிறார்களாம்.

"‘அத்தை: ஒரே சொல். கேள்.’ என்று ஒரு வரி இருக்கிறது. இங்கே யாருக்கும் அர்த்தம் தெரியவில்லை. அழித்துவிடலாமா?" என்று கேட்டாள்.

"அழித்தால் நேரே ரயிலேறி வந்து உன் மேசையில் உட்கார்ந்துகொள்வேன்" என்றேன். நான் போட்ட சத்தத்தில் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

கிளேர் சிரித்துவிட்டு, அப்படியானால் காரணத்தை அரைப் பக்கத்தில் எழுதித் தாருங்கள் என்றாள். எழுதிக் கொடுத்தேன். ஆனால் ஆங்கிலத்தில் அத்தை என்றால் யார், அவர் ஏன் சிலருக்கு மாமியாராகவும் இருக்கிறார் என்று விளக்குவதிலேயே கால் பக்கம் போய்விட்டது. உங்களுக்கு அந்த விளக்கம் தேவையில்லை. ஆகவே முழுக் கதையையும் உங்களுக்கே சொல்கிறேன்.

கொழும்பில் நான் தந்திக்காரன். பதினெட்டு வயதில் சேர்ந்து, கட் கட கட் என்ற சத்தத்தை எழுத்தாகக் கேட்கப் பழகி, பிறகு தொலை அச்சுப் பொறிக்கு மாறி, நாடாவில் குத்தின ஓட்டைகளைக் கண்ணால் பார்த்தே வாசிக்கிற அளவுக்குத் தேறினேன். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் தலைக்கனம் வரும். மன்னித்துக்கொள்ளுங்கள். எழுபதுகளின் நடுப்பகுதியில் அவுஸ்திரேலியா எங்களைப் போன்ற நிறத்துக்காரருக்கும் கதவைத் திறந்தபோது, மனைவி பவளத்தையும் இரண்டு சூட்கேசையும் கூட்டிக்கொண்டு சிட்னி வந்தேன். ஹோம்புஷில் ஒரு மாடி வீட்டில் குடியேறினோம். வைன்யார்ட் ஸ்டேஷனுக்கு அருகே இருந்த அந்தச் செய்தி நிறுவனத்தில் மூன்று மாதத் தவணைக்கு வேலை கிடைத்தது. மூன்று மாதம் தாக்குப்பிடித்தால் நிரந்தரம்.

வேலை இதுதான். வெளிநாட்டுச் செய்தியாளர்கள் அனுப்பும் தந்திகள் பெரிய எழுத்திலேயே வரும். நிறுத்தக்குறி கிடையாது. தந்திக்குச் சொற்கணக்கில் கட்டணம் என்பதால் இரண்டு மூன்று சொல்லை ஒட்டி ஒரே சொல்லாக்கி அனுப்புவார்கள். ஒட்டினதைப் பிரித்து, விட்டதை நிரப்பி, மனிதர் வாசிக்கிற மாதிரி எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கே இடைவெளி விடுவது என்பதுதான் என் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மேலே இருந்தவர் ஹார்கன். தலைமைத் துணையாசிரியர். பழுத்த மனிதர். ஆங்கிலத்தில் ‘யூ’ ஒன்றுதான் என்றாலும், அவர் என்னிடம் ஒருமையிலும் நான் அவரிடம் பன்மையிலும் பேசினதாகவே இங்கே எழுதுகிறேன். அதுதான் உண்மைக்குக் கிட்ட. தினமும் பதினொரு மணிக்குக் கழுத்துப்பட்டியைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டு ஓர் இறைச்சிப் பை தின்பார்; மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பண்டம் அது. அந்தப் பத்து நிமிஷம் உலகம் அழிந்தாலும் அவரிடம் சொல்லக்கூடாது.

அவரிடம் இரண்டு பிடிவாதங்கள் இருந்தன. ஒன்று, பெயரைச் சுருக்க விடமாட்டார். என் பெயர் சிவபாதசுந்தரம். அலுவலகத்தில் எல்லோரும் முதல் நாளே ‘சிவ்’ ஆக்கிவிட்டார்கள். ஹார்கன் மட்டும் என்னைக் கூப்பிட்டு, "உன் பெயரை மெதுவாகச் சொல்" என்றார். சொன்னேன். ஒரு வாரம் மேசையில் தனியே முணுமுணுத்துப் பழகினார். எட்டாம் நாள் காலை, "சிவா பாதா சுந்தா ரம், தேநீர் குடிக்கிறாயா?" என்று கூப்பிட்டார். அவ்வளவு பெரிய பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். ஆனாலும் எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டாவது, எந்தச் செய்தியையும் வாய்விட்டு வாசிக்காமல் வெளியே விடமாட்டார். எழுந்து நின்று, தேவாலயத்தில் வாசிப்பதுபோல முழுக் குரலில் வாசிப்பார். கண் ஏமாறும், காது ஏமாறாது என்பது அவர் கட்சி. வாசிக்கும்போது பிழை தட்டுப்பட்டால் பென்சிலால் மேசையில் ஒரு தட்டு. அந்தத் தட்டுக்குப் பயந்தே பாதிப் பேர் ஒழுங்காக எழுதினார்கள்.

பிழை வெளியே போய்விட்டால் அதற்கு ஒரு கறுப்புக் கொப்பி இருந்தது. பிழை விட்டவர் தன் கையாலேயே அதில் பிழையை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தவணைக்காரருக்குச் சட்டம் கடுமை. மூன்று மாதத்தில் இரண்டு பதிவு விழுந்தால் வீட்டுக்குப் போகலாம்.

என் முதற்பதிவு இரண்டாம் கிழமையிலேயே விழுந்தது. ஒரு சனிக்கிழமை, கழுகுகள் முயல்களைக் கிழித்தெறிந்தன என்று உள்ளூர்ச் செய்தியாளர் ஒருவரின் தந்தி வந்தது. நான் அதை நன்றாகப் பிரித்து நிரப்பி, கிராமத்துப் பத்திரிகைகளுக்குப் போகிற விவசாயச் செய்தியில் சேர்த்துவிட்டேன். முயல் தொல்லை இந்த நாட்டில் பெரிய பிரச்சினை என்று எங்கேயோ படித்திருந்தேன். கழுகும் முயலும் இரண்டு ரக்பி அணிகளின் செல்லப் பெயர்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அன்றைக்கு ஹார்கன் காய்ச்சலில் வரவில்லை. வந்திருந்தால் அவர் காது பிழையைப் பிடித்திருக்கும். திங்கட்கிழமை நான் கொப்பியில் கையெழுத்துப் போட்டபோது அறை முழுதும் சிரித்தது. பிறகு மாதக்கணக்கில், என்னைக் கண்டால் இரண்டு கையையும் தலையில் வைத்து முயற்காது காட்டுவார்கள்.

அப்படி ஒரு பதிவோடு, தவணை முடிய மூன்று கிழமை இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்தத் தந்தி வந்தது.

எந்த நாட்டிலிருந்து என்று எழுதமாட்டேன். நம்மவர் ரப்பர்ப் பால்மரம் சீவப் போய்ச் சேர்ந்த நாடுகளில் ஒன்று. சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அங்கே மலைக்காட்டுக்குள் ஆயுதக்காரர் இருந்தார்கள், அரசாங்கம் விமானத்தில் போய்க் குண்டு போட்டது. இப்படிப்பட்ட செய்தி எங்களுக்குக் கிழமைக்கு இரண்டு வரும். குண்டு விழுந்த இடத்துக்குப் பத்திரிகைக்காரர் போக முடியாது. தலைநகரில் கொடுக்கிற அறிக்கையை அப்படியே அனுப்ப வேண்டியதுதான்.

அன்றைய அறிக்கையின் சாரம் இது. காட்டோரத்தில் பயங்கரவாதிகளின் முகாமொன்று விமானத் தாக்குதலில் அழிக்கப்பட்டது. இருவர் பலி. பிறகு போன படையினரிடம் உயிரோடு ஒருவன் பிடிபட்டான். அவன் பெயர் முனியாண்டி. இறந்தவர்களின் பெயர்களை அவனே திரும்பத் திரும்பச் சொன்னான். அவை புனைபெயர்கள் என்று நம்பப்படுகிறது. அந்தப் பெயர்களைத் தந்தி இப்படித் தந்தது: தலைவன் ‘பாப்பா’. அதற்கடுத்து ‘அண்ட்’ என்ற ஆங்கில இணைப்புச் சொல்லும் இரண்டாவது பெயரும் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாக நின்றன.

நான் ‘அண்ட்’டைப் பிரித்தேன். மீதி ஐந்து எழுத்து. ஏ, டி, எச், ஏ, ஐ. ஆங்கிலத்தில் பார்த்தால், முதல் ‘ஏ’க்குப் பிறகு ஓர் இடைவெளி விட்டால், ‘ஒரு தாய்லாந்துக்காரர்’ என்று அழகாக வருகிறது. விட்டேன். "பாப்பா என்ற தலைவனும் தாய்லாந்துப் பிரஜை ஒருவரும் பலி." ஹார்கன் எழுந்து நின்று வாசித்தார். பென்சில் தட்டவில்லை. செய்தி போனது.

தமிழன்தானே, உனக்குத் தெரியவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். பவளமும் இதைத்தான் கேட்டாள். எங்கள் யாழ்ப்பாணத்து வீட்டில் அப்பாவின் அக்கா மாமி, மனைவியின் தாய் மாமி, தெருவில் போகிற பெரிய மனுஷிகூட மாமி. அத்தை என்பதைக் கதைப் புத்தகத்தில் பார்த்ததுதான், யாரையும் வாய் திறந்து கூப்பிட்டதில்லை. குழந்தையைப் பிள்ளை என்போம், குஞ்சு என்போம். ‘பப்பா’ என்றால் எங்கள் பக்கத்து ஆங்கிலம் படித்த குடும்பங்களில் தகப்பன். ஆகவே பாப்பா என்று ஒரு பயங்கரவாதத் தலைவன் இருக்கிறான் என்றதும், ஆ, தகப்பன் மாதிரி மதிக்கிறார்கள் என்று என் மூளை உடனே ஒப்புக்கொண்டுவிட்டது.

புதன்கிழமை அதே நாட்டிலிருந்து அடுத்த தந்தி. அரசாங்கப் பேச்சாளர் சொல்கிறார்: இறந்தவர்களில் அந்நிய நாட்டவர் ஒருவர் இருந்ததாக வெளிநாட்டுப் பத்திரிகைகளே எழுதுகின்றன. ஆகவே பிடிபட்டவனின் வழக்கு விசேஷ நீதிமன்றத்துக்குப் போகும். அந்நியத் தொடர்பு நிரூபணமானால் தண்டனை தூக்கு. இதையும் நானேதான் பிரித்து எழுதினேன். எங்கள் செய்தியை உலகம் படிக்கிறது என்று உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன் என்பதையும் மறைக்கக் கூடாது.

வியாழக்கிழமை காலை. எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டுக்கு அந்த வாரந்தான் மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. கணவர் பொறியியலாளர். மனைவி செல்வி, கலகலவென்று பேசுகிற பெண். அவர்களுக்கு ஒரு சின்னப் பெண். முதல் நாள் பவளம் அவர்களுக்கு இடியப்பம் கொண்டுபோய்க் கொடுத்துச் சிநேகம் பிடித்திருந்தாள். நான் வேலைக்குப் படியிறங்கினேன். பவளம் குப்பைப் பையோடு என் பின்னால் வந்தாள். செல்வி வாசலில் நின்று மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"பாப்பா, அத்தைக்கு டாட்டா சொல்லு!"

அந்தப் பிள்ளை பவளத்தைப் பார்த்துக் கையாட்டியது.

"என்னை மாமி எண்டு கூப்பிடச் சொல்லுங்கோ. அத்தை எண்டா யாரோ வேறை ஆளைக் கூப்பிடுற மாதிரிக் கிடக்கு" என்று பவளம் சிரித்தாள்.

"எங்க ஊர்ல மாமின்னா வேற ஆளுங்க. உங்கள அத்தைன்னுதான் கூப்பிடுவா. இல்லடி பாப்பா?"

நான் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். பவளம் குப்பைப் பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"என்னப்பா செய்யுது? நெஞ்சு நோகுதோ?"

"இல்லை. நான் ஒரு பிள்ளையைப் பயங்கரவாதி எண்டு எழுதிப்போட்டன்" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. அந்த முனியாண்டி யாருடைய பெயரையும் காட்டிக்கொடுக்கவில்லை. எரிந்த வீட்டுக்கு முன்னால் நின்று தன் வீட்டாரைக் கூப்பிட்டுக் கதறியிருக்கிறான். பாஷை தெரியாத யாரோ அதை வாக்குமூலம் என்று எழுதிக்கொண்டார்கள். அத்தைக்கு நடுவில் ஓர் இடைவெளி விட்டு அவன் கழுத்துக்குக் கயிறு முடிந்தவன் நான்.

ரயிலில் அழுதேன். எதிரே இருந்த கிழவி எனக்கு ஒரு மிட்டாய் நீட்டினாள். வாங்கித் தின்றேன்.

அலுவலகம் போனபோது மணி பதினொன்று ஐந்து. கழுத்துப்பட்டி தோளில் கிடந்தது. பை பாதி முடிந்திருந்தது. அறையில் எல்லோரும் என்னை எச்சரிக்கிற மாதிரிப் பார்த்தார்கள். நான் நேரே போய் நின்று, "செவ்வாய்க்கிழமைச் செய்தி பிழை. நான் விட்ட பிழை" என்று தொடங்கி, பாப்பாவையும் அத்தையையும் சொல்லி முடித்தேன்.

ஹார்கன் மிச்சப் பையைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைக்கூடையில் போட்டார். அந்த அறையில் யாரும் அதற்கு முன் அப்படியொரு காட்சியைக் கண்டதில்லை.

"அப்படியானால் இரண்டு புனைபெயரும்..."

"குடும்பம், ஐயா."

அவர் கழுத்துப்பட்டியைத் தோளிலிருந்து இறக்கிவிட்டார். பிறகு, "யுத்தத்தில் நான் குண்டு விமானத்தில் வழிகாட்டியாக இருந்தவன். உனக்குத் தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது. "மேலிருந்து பார்த்தால் எல்லாப் புகையும் ஒன்றுதான். அடுப்பா, முகாமா என்று தெரியாது. கீழே போய்ப் பார்க்கிறவனாவது சரியாகக் கேட்டு எழுத வேண்டும். அவனும் எழுதவில்லை, நாமும் கேட்கவில்லை."

உடனே எல்லாப் பத்திரிகைகளுக்கும் ஒரு வரி அனுப்பச் சொன்னார்: அந்தச் செய்தியை இனி எடுத்தாள வேண்டாம், சரிபார்க்கிறோம். செய்தியை முழுக்கத் திரும்பப் பெற என் சொல் மட்டும் போதாது என்றார். எங்கள் தொழிலில் ஒரு செய்தியைத் திரும்பப் பெறுவதற்கு ‘கொல்வது’ என்று பேர். கொல்வதற்கு அவர் விதி, இரண்டு ஆதாரம் வேண்டும்.

"உன் கீழ்வீட்டுப் பெண் சொன்னது ஒரு சொல்லுக்கு அர்த்தம். அது ஒன்று. அந்த வீட்டில் உண்மையாக ஒரு குழந்தையும் ஒரு கிழவியும் இருந்தார்கள் என்று அங்கே இருக்கிற ஒருவர் சொல்ல வேண்டும். அது இரண்டு. நம்முடைய செய்தியாளரைக் கேட்க முடியாது, தந்தியைத் தணிக்கைக்காரன் வாசிப்பான். வேறு யாராவது இருக்கிறார்களா?"

இருந்தார். பவளத்தின் சித்தப்பா. அந்தத் தோட்டங்களில் கணக்கெழுதுகிற கிராணிமார் பலர் யாழ்ப்பாணத்தவர்தான். சித்தப்பாவும் கிராணியாக இருந்து இளைப்பாறி, குண்டு விழுந்த இடத்துக்கு மூன்று மைல் தள்ளி ஒரு சிறு பட்டினத்தில் இருந்தார். அங்குள்ள தமிழருக்கெல்லாம் விஷயம் தெரிந்திருக்கும். ஆனால் சொல்ல வாயிருக்காது. அவருக்கு நாங்கள் அனுப்புகிற தந்தியும் தணிக்கைக் கண்ணில் படத்தானே போகிறது? எதைக் கேட்டு, எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே, ஹார்கனிடம் சொல்லிவிட்டு இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தேன்.

பவளம் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, கத்தியைக்கூடக் கீழே வைக்காமல் வழி சொன்னாள்.

"கலியாணப் பேச்சு எண்டு அடியுங்கோ. கலியாணம் எண்டால் வயது கேக்கலாம், முறை கேக்கலாம், ஆர் ஆரோட இருக்கினம் எண்டும் கேக்கலாம். ஒருத்தரும் ஏனெண்டு யோசிக்க மாட்டினம். சித்தப்பா கெட்டிக்காரன், அவருக்கு விளங்கும்."

பதினைந்து வருஷம் தந்தி அடித்த எனக்கு இது தோன்றவில்லை. அவளுக்கு ஒரு வெங்காயம் முடிவதற்குள் தோன்றியது. முனியாண்டி என்ற பெயர் அங்கே தோட்டத்துக்குப் பத்துப் பேருக்கு உண்டு, தணிக்கைக்காரனுக்குச் சந்தேகம் வராது. இருவரும் மேசையில் உட்கார்ந்து, ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதினோம்: "முனியாண்டி வீட்டில் பாப்பா அத்தை பற்றி அறியத் தரவும். வயது என்ன. என்ன முறை. பொருத்தம் பார்க்க அவசரம். பவளம்."

தபால் கந்தோரில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சொற்களை எண்ணினாள். என்ன பாஷை, என்ன விஷயம் என்று கேட்டாள். கலியாண விஷயம் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. "எவ்வளவு நல்ல செய்தி! பெண் யார்?" என்றாள். நான் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். பெண்ணுக்கு என்ன வயதென்றே எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்குப் பதில் வந்துவிட்டது. தந்திக்காரன் வீட்டுக் கதவைத் தட்ட, பவளம் வாங்கிப் பிரித்து வாசித்துவிட்டு, நான் அன்று முன்னதாகவே வேலைக்குப் போயிருந்ததால், சமையல் சட்டையோடு ரயிலேறி அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். அவள் தனியாக நகரத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. என்னைத் தேடி மூன்று மாடி ஏறி, தவறுதலாகக் கணக்குப் பகுதிக்குள் நுழைந்து, அங்கிருந்த ஒருவர் கூட்டிக்கொண்டு வர, கையில் தந்தியோடு வந்து நின்றாள்.

"பாப்பா வயது மூன்று. அத்தை வயது அறுபது. முனியாண்டியின் மகள், மாமியார். மனைவி பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரியில், ஆண்பிள்ளை சுகம். முனியாண்டி கன்றுக்காவல் குடிசையில் பன்றி விரட்டுகிறவன். மற்றதுகள் சுகமெண்டு சொல்ல ஏலாது. பொருத்தமில்லை."

கடைசிச் சொல்லைச் சித்தப்பா எவ்வளவு யோசித்து அடித்திருப்பார் என்று நினைக்கிறபோது எனக்கு இப்போதும் கண் கலங்கும். நான் அதை ஹார்கனுக்கு ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்தில் சொன்னேன். மனைவி பிள்ளைப்பேற்றுக்குப் போனதால் அத்தை வந்து பேத்தியைப் பார்த்துக்கொண்டாள். காட்டோரத்தில் இளம் ரப்பர்க் கன்றுகளைப் பன்றி தின்னாமல் காவல் காக்கிற குடிசை அது. முனியாண்டி பன்றி விரட்ட வெளியே போயிருப்பான், அத்தை அடுப்பு மூட்டியிருப்பாள். புகை வந்திருக்கும்.

ஹார்கன் எழுந்தார். பவளத்துக்குத் தன் கதிரையை இழுத்துப் போட்டார். எனக்குப் பக்கத்துப் பொறியைக் காட்டினார். நான் பொறியின் மணியை நான்கு தடவை அடித்தேன், அவசரம் என்று அர்த்தம். செவ்வாய்க்கிழமைச் செய்தியையும் புதன்கிழமைச் செய்தியையும் கொன்றோம். பிறகு புதியதை எழுதினோம். இறந்தவர்கள் மூன்று வயதுப் பெண் குழந்தையும் அவளுடைய அறுபது வயதுப் பாட்டியும். பெயர்கள் என்று அறிவிக்கப்பட்டவை தமிழில் உறவுச் சொற்கள். தாய்லாந்துப் பிரஜை என்று யாரும் இல்லை, அது இந்த நிறுவனத்தின் பிழை. ஹார்கன் அதை நின்று வாசித்தபோது அறையில் ஒரு பொறிகூட ஓடவில்லை. ‘அத்தை’ வந்ததும் நிறுத்தி, பவளத்தைப் பார்த்தார்.

"சரியாகச் சொல்கிறேனா, அம்மணி?"

"‘த்’தைக் கொஞ்சம் அமத்திச் சொல்லுங்கோ" என்று பவளம் தமிழிலேயே சொன்னாள். அவருக்கு எப்படியோ விளங்கிவிட்டது. அமத்திச் சொன்னார்.

அதன் பிறகு கறுப்புக் கொப்பி வந்தது. எனக்கு இரண்டாம் பதிவு. ஹோம்புஷ் வீட்டு வாடகை, அடுத்த வேலை, கொழும்புக்கு என்ன எழுதுவது எல்லாம் ஒரு வினாடி கண்முன் ஓடியது. ஆனாலும் எழுதினேன், ஏனென்றால் அது என் பிழை. கையெழுத்துப் போட்டு நீட்டினேன். ஹார்கன் பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்து, என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார்.

"நான் வாசித்தேன். என் காது பிடிக்கவில்லை. இருவர் விட்ட பிழை, ஆளுக்குப் பாதி. முயல் ஒன்று, இது அரை. ஒன்றரை. இரண்டு ஆனால்தான் வீட்டுக்குப் போகலாம். போய் வேலையைப் பார், சிவபாதசுந்தரம்."

அன்றைக்குத்தான் அவர் என் பெயரை முதல்முறை ஒரே மூச்சில் சொன்னார்.

அந்த நாட்டில் என்ன நடந்தது என்பதைச் சித்தப்பா பிறகு துண்டு துண்டாக எழுதினார். முனியாண்டிக்காக ஒரு வழக்கறிஞர் முன்வந்தாராம். வெளிநாட்டுப் பத்திரிகை எழுதியது புதன்கிழமை ஆதாரமென்றால் வெள்ளிக்கிழமை எழுதியதும் ஆதாரந்தான் என்று ஒரே பிடியாக நின்றாராம். ஏழு கிழமைக்குப் பிறகு முனியாண்டியை விட்டார்கள். குற்றமில்லை என்று சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. ஒரு காலையில் கதவைத் திறந்து போகச் சொன்னார்கள். அவன் நடந்தே தோட்டத்துக்கு வந்து, அதுவரை பார்த்திராத மகனைத் தூக்கினானாம். அந்தக் கடிதம் வந்த அன்று நான் அலுவலகத்தில் எல்லோருக்கும் இறைச்சிப் பை வாங்கிக் கொடுத்தேன். முயற்காது காட்டுகிறவனுக்கு இரண்டு.

கைநூலில் அந்த வரியை எழுதியவர் ஹார்கன். ‘கேள்’ என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டார். முப்பது வருஷத்தில் அந்தச் சொல்லைப் பார்த்து நான் எத்தனை பேரைக் கேட்டிருப்பேன்! வியட்நாமியரின் ரொட்டிக் கடையில் கேட்டேன், லெபனான்காரரின் முடிவெட்டும் கடையில் கேட்டேன். பாதிச் சவரத்தில் எழுந்து, பட்டியலிலுள்ள ஒரு பெயருக்கு அர்த்தம் கேட்டு எழுதிக்கொண்டு ஓடியிருக்கிறேன். நான்கு தடவை அது பெயரே இல்லை என்று கண்டுபிடித்தோம்.

முனியாண்டி விடுதலையான கிழமை அவனுக்காகச் சித்தப்பா ஒரு தந்தி அடித்தார். கடிதத்தில் எழுதாமல் ஏன் தந்தி என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. பின்னால் வந்த கடிதத்தில் காரணம் இருந்தது. பத்திரிகையில் வருவதெல்லாம் தந்தியில்தான் போகும் என்று முனியாண்டி கேள்விப்பட்டிருந்தானாம். தன் மகளுக்கும் அத்தைக்கும் பெயர் உண்டு, அதையும் எழுதச் சொல்லுங்கள் என்று கேட்டானாம். தந்தியில் இருந்தது ஒரே ஒரு சொல். சித்தப்பா வழக்கம்போலச் சிக்கனம் பிடித்து, இரண்டையும் ஒட்டி அனுப்பியிருந்தார்.

ஹார்கன் அதைப் பார்த்துவிட்டு, "இது எப்படிப் பிரியும்?" என்றார். முதலில் என்னிடம் கேட்டார், பிறகு என்னைப் பவளத்திடமும் செல்வியிடமும் கேட்டு வரச் சொன்னார். அடுத்த நாள் இருவரையும் கேட்டுவிட்டு வந்து பொறியின் முன் உட்கார்ந்தேன். செய்தி இரண்டு வரிதான். எந்தப் பத்திரிகை போட்டது, போடவில்லை என்று தெரியாது. ஹார்கன் எழுந்து நின்றார். நான் முதற்பெயரை அடித்தேன், தனலெட்சுமி. அங்கே ஓர் இடைவெளி விட்டேன். பிறகு அடித்தேன், மாரியாயி.